கிரிபாஸின் கடல் யாருக்குச் சொந்தம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பசிபிக் பெருங்கடலின் நடுவே, நிலநடுக்கோட்டை ஒட்டிச் சிதறிக் கிடக்கும் 33 தீவுகளின் நாடு கிரிபாஸ். கிரிபாட்டி என்று எழுதியும் பார்த்திருப்பீர்கள். மக்கள்தொகை சுமார் 1.2 லட்சம். நிலம் மொத்தத்தையும் கூட்டினால் 811 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அந்த நாட்டின் உரிமைக்கு உட்பட்ட கடல் ஏறத்தாழ 34 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் நிலப்பரப்பே அதைவிடக் குறைவு. இந்த உரிமை எப்படி வந்தது, அதை வைத்து அவர்கள் என்ன செய்கிறார்கள், தீவுகள் மூழ்கினால் அது என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பதில்கள்.

இத்தனை சின்ன நாட்டுக்கு இவ்வளவு பெரிய கடல் எப்படிக் கிடைத்தது?

1982-ல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைதான் அடிப்படை. கடற்கரையிலிருந்து 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை உள்ள கடல் அந்த நாட்டின் பிரத்யேகப் பொருளாதார மண்டலம் என்று அது சொல்கிறது. பக்கத்தில் வேறு நாடே இல்லாத ஒற்றைத் தீவைச் சுற்றி அந்தத் தூரத்துக்கு ஒரு வட்டம் போட்டால் 4.3 லட்சம் சதுர கிலோமீட்டர் வரும். தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல். கிரிபாஸிடம் இப்படி மூன்று தீவுக்கூட்டங்கள் உண்டு: மேற்கே கில்பர்ட், நடுவில் ஃபீனிக்ஸ், கிழக்கே லைன். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 4,000 கிலோமீட்டருக்கும் மேல். மூன்றின் கடலும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இடையிடையே யாருக்கும் சொந்தமில்லாத சர்வதேசக் கடல் கிடக்கிறது.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. கிரிபாஸ் 1979 ஜூலை 12-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றபோது, ஃபீனிக்ஸ், லைன் கூட்டங்களில் 14 தீவுகளை அமெரிக்காவும் தன்னுடையவை என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு கையெழுத்தாகி 1983-ல் நடைமுறைக்கு வந்த டராவா ஒப்பந்தத்தில் அமெரிக்கா அந்த உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டது. அந்தக் கையெழுத்து விழாமல் இருந்திருந்தால், இன்று நாம் பேசும் கடலின் பெரும்பகுதி தகராறிலேயே கிடந்திருக்கும்.

200 கடல் மைல் வரை கிரிபாஸ் வைத்ததுதான் சட்டமா?

இல்லை. கரையிலிருந்து முதல் 12 கடல் மைல் பிராந்தியக் கடல். அங்கே நாட்டின் முழு இறையாண்மை உண்டு. ஆனால் அங்கேகூட மற்ற நாட்டுக் கப்பல் தீங்கு எதுவும் செய்யாமல் கடந்துபோனால் தடுக்க முடியாது. அதற்கு அப்பால் 200 மைல் வரை கிடைப்பது வளங்களின் மீதான உரிமை. மீன், கடலடியில் உள்ள கனிமம், காற்றிலும் அலையிலும் எடுக்கும் மின்சாரம் இவையெல்லாம் அந்த நாட்டுக்கு. கப்பல் போக்குவரத்து, மேலே பறக்கும் விமானம், அடியில் போடும் கேபிள் இவை எல்லா நாட்டுக்கும் பொது.

அதனால் ஒரு வல்லரசின் போர்க்கப்பல் கிரிபாஸின் பொருளாதார மண்டலம் வழியாகப் போனால், போகாதே என்று சொல்ல கிரிபாஸால் முடியாது. அதே இடத்தில் உரிமம் இல்லாமல் ஒரு மீன்பிடிக் கப்பல் வலை விரித்தால் பிடிக்கலாம், கப்பலை முடக்கலாம், அபராதம் போடலாம். அந்தக் கடல் சட்ட உடன்படிக்கையின் 73-வது பிரிவு இங்கே இரண்டு கட்டுப்பாடுகளை வைக்கிறது: தகுந்த பிணைத்தொகை கட்டினால் கப்பலையும் ஆட்களையும் சீக்கிரம் விட்டுவிட வேண்டும், தனி உடன்பாடு இல்லாத பட்சத்தில் மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறைத்தண்டனை கூடாது. கப்பல் முதலாளி கரையில் எங்கோ உட்கார்ந்திருக்க, கூலிக்கு வந்தவன் அந்நியச் சிறையில் கிடப்பதை இது தடுக்கிறது. நியாயமான விதி என்றே நினைக்கிறேன்.

வெறும் பாறை ஒன்று இருந்தாலே 200 மைல் கேட்கலாமா?

கேட்க முடியாது. மனிதர் குடியிருக்கவோ சொந்தமாகப் பொருளாதார வாழ்வு நடத்தவோ வழியில்லாத பாறைக்கு 12 மைல் மட்டுமே உண்டு என்கிறது 121-வது பிரிவு. 2016-ல் தென்சீனக் கடல் வழக்கில் நடுவர் மன்றம் இதை மிகக் கடுமையாகப் படித்து, ஸ்பிராட்லி கூட்டத்தின் மிகப் பெரிய தீவுக்குக்கூட 200 மைல் கிடையாது என்றது. ஃபீனிக்ஸ் கூட்டத்தில் ஆள் இருப்பது கான்டன் என்ற ஒரே தீவில்தான், அதுவும் ஒரு சில குடும்பங்கள். அப்படியானால் மற்ற தீவுகளைச் சுற்றிய 200 மைலை யாராவது கேள்வி கேட்கலாம். ஆனாலும் 2013-ல் அமெரிக்காவும் கிரிபாஸும் தங்கள் கடல்களுக்கு இடையே எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டன. அது 2019-ல் நடைமுறைக்கு வந்துவிட்டது.

பெரிய நாடுகள் இந்த உரிமையைச் சும்மா ஏற்றுக்கொண்டனவா?

சண்டை போட்டுத்தான் வாங்கினார்கள். இந்தக் கதை பரவலாகத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

200 மைல் வேண்டும் என்ற குரலை முதலில் உரக்க எழுப்பியவை சிலி, பெரு, ஈக்வடார் ஆகிய மூன்றும். 1952-ல் சாந்தியாகோவில் கூட்டறிக்கை விட்டார்கள். பிறகு நடந்த நீண்ட பேச்சுவார்த்தைகளில் பசிபிக் தீவுகளும் சேர்ந்துகொண்டன. அமெரிக்கா 200 மைல் கொள்கையைத் தனக்கு எடுத்துக்கொண்டது. ஆனால் சூரை மீன் விஷயத்தில் மட்டும் வேறு பேச்சுப் பேசியது: சூரை ஓரிடத்தில் நிற்காது, கடல் கடந்து ஓடும், ஆகவே அது எந்த நாட்டின் அதிகாரத்திலும் வராது என்று. அமெரிக்கச் சூரைக் கப்பல்கள் உரிமம் வாங்காமலே தீவுகளின் கடலில் வலை போட்டன.

1984-ல் சாலமன் தீவுகள் ஜெனெட் டயானா என்ற அமெரிக்கக் கப்பலைப் பிடித்து வைத்தது. பதிலுக்கு அமெரிக்கா சாலமன் தீவுகளின் மீனை வாங்குவதற்கே தடை போட்டது. தன் கடலில் திருடியவனைப் பிடித்ததற்காக ஓர் ஏழை நாட்டின் ஏற்றுமதி முடக்கப்பட்டது. பசிபிக் தீவுகள் முழுக்கக் கொதித்துப் போயின.

அடுத்த ஆண்டு கிரிபாஸ் ஒரு காய் நகர்த்தியது. உரிமக் கட்டணம் தருகிறோம் என்று முன்வந்த சோவியத் யூனியனுடன் ஓராண்டு மீன்பிடி ஒப்பந்தம் செய்தது. பனிப்போர்க் காலம். அமெரிக்கா காலங்காலமாகத் தன் வீட்டு முற்றமாக நினைத்திருந்த பசிபிக்கில் சோவியத் கப்பல்கள்! கரையில் இறங்க அவர்களுக்கு அனுமதி தரப்படவில்லை, ஒப்பந்தமும் ஓராண்டில் காலாவதியானது. ஆனால் வாஷிங்டனுக்கு உறைக்க அது போதுமாக இருந்தது. 1987 ஏப்ரலில் போர்ட் மோர்ஸ்பியில் அமெரிக்காவும் பசிபிக் தீவு நாடுகளும் சூரை மீன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஐந்தாண்டுக்கு 6 கோடி டாலர். சில ஆண்டுகளில் அமெரிக்கா தன் உள்நாட்டுச் சட்டத்தையும் திருத்தி, சூரைக்கும் கரையோர நாட்டின் உரிமை பொருந்தும் என்று ஒப்புக்கொண்டது. கடல் சட்ட உடன்படிக்கையில் மட்டும் அது இன்றுவரை சேரவில்லை.

மீனை வைத்து கிரிபாஸ் எப்படிச் சம்பாதிக்கிறது?

மீன் பிடிக்கும் உரிமையை விற்கிறது. ஜப்பான், கொரியா, தைவான், சீனா, அமெரிக்கா, ஸ்பெயின் என்று பல நாட்டுக் கப்பல்கள் அங்கே வருகின்றன. பெரும்பாலும் பிரம்மாண்டமான சுருக்குமடி வலைக் கப்பல்கள். பிடிபடுவதில் முக்கியமானது வரிச்சூரை. கடையில் டப்பாவில் விற்கும் சூரை பெரும்பாலும் அந்த இனம்தான்.

ஒரு காலத்தில் இந்த வியாபாரம் படுமோசமாக இருந்தது. ஒவ்வொரு தீவும் தனியாகப் பேரம் பேசியது. இவர்கள் விலை கூட்டினால் கப்பல்காரர் அடுத்த நாட்டுக்குப் போய்விடுவார். பிடித்த மீனின் மதிப்பில் ஐந்து சதவீதம் அளவுக்குக் கையில் வந்தால் அதுவே பெரிது.

மாற்றத்துக்கு விதை 1982-ன் நவ்ரு ஒப்பந்தம். கிரிபாஸ், நவ்ரு, துவாலு, மார்ஷல் தீவுகள், மைக்ரோனேசியா, பலாவ், பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள் ஆகிய எட்டு நாடுகள் இன்று அதில் இருக்கின்றன. உலகின் வரிச்சூரையில் ஏறத்தாழப் பாதி இவர்களின் கடலில்தான் பிடிபடுகிறது என்று அந்த அமைப்பு சொல்கிறது. 2007-ல் இவர்கள் கப்பல் நாள் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். எட்டு நாடுகளின் கடலிலும் சேர்த்து ஆண்டுக்கு இத்தனை மீன்பிடி நாட்கள்தான் என்று ஓர் உச்சவரம்பு, சுமார் 45,000 நாட்கள். அதை நாடுகளுக்குள் பங்கு போடுகிறார்கள். மீன் பிடிக்க வருகிறவர் நாள் கணக்கில் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒரு நாளுக்கு இன்ன தொகைக்குக் கீழே யாரும் விற்கக்கூடாது என்பது எல்லோருக்கும் பொதுவான விதி. 2012-ல் அந்த அடிமட்ட விலை 5,000 டாலர். 2015-ல் 8,000 டாலர். ஏலத்தில் அதற்கு மேலும் போகிறது.

2010-ல் இந்த நாடுகளுக்கு மொத்தமாகக் கிடைத்தது சுமார் 6 கோடி டாலர். பத்தாண்டுக்குள் அது 50 கோடியை நெருங்கியது. மீன் எட்டு மடங்காகிவிடவில்லை. பேரம் பேசும் இடத்தில் எட்டுப் பேரும் ஒரே பக்கம் உட்கார்ந்ததுதான் வித்தியாசம். சட்டம் 1982-லேயே உரிமையைக் கொடுத்துவிட்டது, ஆனால் அதற்கு உரிய விலை கிடைக்க ஒற்றுமை தேவைப்பட்டது. கிரிபாஸ் அரசின் வருமானத்தில் பல ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இந்த உரிமப் பணம்தான்.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்தார்கள். தங்கள் கடல்களுக்கு நடுவே இருக்கும் சர்வதேசக் கடல் திட்டுகளில் இவர்களுக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை. அதனால், எங்கள் உரிமம் வேண்டுமென்றால் அந்தத் திட்டுகளிலும் வலை போடக்கூடாது என்று உரிமத்திலேயே நிபந்தனை சேர்த்தார்கள். கப்பல்காரர்களுக்கு வேறு வழியில்லை.

ஏன் அவர்களே பிடித்து, அவர்களே டப்பாவில் அடைத்து விற்கக் கூடாது?

நல்ல கேள்வி, அங்கே உள்ளவர்களும் கேட்பதுதான். ஒரு நவீன சுருக்குமடிக் கப்பலின் விலை கோடிக்கணக்கான டாலர். டப்பா ஆலைக்கு நிறைய நன்னீர் வேண்டும். பவளத்தீவில் மணலுக்கு அடியில் மெல்லிய படலமாகத் தேங்கும் மழைநீரே குடிக்கப் பற்றாது. மின்சாரம் டீசலில். சந்தைக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். தலைநகர் டராவாவின் பெட்டியோவில் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலை இருக்கிறது, கூட்டு முயற்சியில் கிரிபாஸ் கொடியுடன் ஓடும் கப்பல்களும் உண்டு. ஆனாலும் பெரிய லாபம் இன்றைக்கும் வெளியே போகிறது.

உள்ளூர் மீனவர் பிடிப்பது வேறு கடல். காயலிலும் பவளத்திட்டின் ஓரத்திலும் சிறு படகில் போய்ப் பிடிப்பார். தலைக்கு மீன் உண்ணும் அளவில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று கிரிபாஸ். ஆனால் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் நெருக்கியடித்து வாழும் தெற்கு டராவாவின் காயலில் மீன் குறைந்துகொண்டே வருகிறது. ஆழக்கடல் உரிமத்தில் கோடிகள் வரும்போது, அந்தப் பணம் கரையோரக் குடும்பத்தின் சட்டிக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதுதான் அந்த அரசைக் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

34 லட்சம் சதுர கிலோமீட்டரை யார் காவல் காப்பது?

கிரிபாஸுக்கு ராணுவம் கிடையாது. கடல் காவலுக்குப் போலீஸ் பிரிவின் ரோந்துக் கப்பல் டியானோவாய். 1994-ல் ஆஸ்திரேலியா கொடுத்தது பழையதாகி, 2021-ல் அதே பெயரில் புதியது வந்தது. ஒரு கப்பலை வைத்து இவ்வளவு கடலைக் காப்பது நடக்காத காரியம். உண்மையான காவல் செயற்கைக்கோள் வழியாக நடக்கிறது. உரிமம் பெற்ற ஒவ்வொரு கப்பலும் தான் இருக்கும் இடத்தை அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாலமன் தீவுகளின் ஹோனியாராவில் உள்ள பசிபிக் தீவுகள் மீன்வள அமைப்பு அதைக் கண்காணிக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரான்ஸ், அமெரிக்கா ஆகியவை விமானத்தில் ரோந்து வந்து உதவுகின்றன.

மூன்றாவது, மனிதர்கள். சுருக்குமடிக் கப்பல் ஒவ்வொன்றிலும் ஒரு பார்வையாளர் ஏற வேண்டும் என்பது 2010 முதல் விதி. என்ன பிடித்தார்கள், எதைத் திரும்பக் கடலில் கொட்டினார்கள் என்று அவர் எழுதி வைப்பார். தனி ஆளாக, வாரக்கணக்கில், தான் யாரைப் பற்றி அறிக்கை எழுதுகிறாரோ அவர்களோடே சாப்பிட்டுத் தூங்க வேண்டும். 2020 மார்ச்சில் கிரிபாஸைச் சேர்ந்த ஒரு பார்வையாளர் தைவான் கப்பலில் பணியில் இருந்தபோது இறந்துபோனார். பார்வையாளர்கள் கடலில் காணாமல் போனதும் நடந்திருக்கிறது. கடல் உரிமை பற்றிப் பேசும்போது நாம் சட்டப்பிரிவுகளை அடுக்குகிறோம். இந்த வேலையைச் செய்கிறவர்களின் பாதுகாப்பு அதற்குச் சமமாகப் பேசப்பட வேண்டும்.

ஃபீனிக்ஸ் தீவுகளில் மீன்பிடியைத் தடை செய்தார்களே, அது என்ன ஆயிற்று?

2008-ல் ஃபீனிக்ஸ் தீவுகளைச் சுற்றி 4,08,250 சதுர கிலோமீட்டரைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். 2010-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. 2015 ஜனவரி முதல் வணிக மீன்பிடிக்கு முழுத் தடை. 2021 நவம்பரில் அரசு மனம் மாறி, பகுதியைத் திறக்கப் போவதாக அறிவித்தது. உரிம வருமானம் இழக்கிறோம், ஈடாக வரும் பணம் போதவில்லை என்பது சொன்ன காரணம்.

உலகம் முழுக்கக் கண்டனம் வந்தது. எனக்கும் வருத்தம்தான். ஆனால் கண்டித்தவர்களில் எத்தனை பேர் அந்த இழப்பில் பங்கு ஏற்க முன்வந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். தன் கடலைத் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்வதும் அந்த உரிமையின் ஒரு பகுதியே. பணக்கார நாடுகளின் மனநிறைவுக்காக ஏழை நாடு தன் முக்கிய வருமானத்தை விடவேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை.

கடலடிக் கனிமங்கள்?

மண்டலத்துக்குள் இருப்பவை கிரிபாஸுக்கு. வெளியே உள்ள கடலடி மனித குலத்தின் பொதுச்சொத்து. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் உள்ள சர்வதேசக் கடலடி ஆணையம் அனுமதி தர வேண்டும். அனுமதி விதிகளைச் சீக்கிரம் முடியுங்கள் என்று 2021-ல் நெருக்கியது பக்கத்து நாடான நவ்ரு. கிரிபாஸ் அவசரப்படக் கூடாது என்று நினைக்க ஒரு வலுவான காரணம் அதன் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. பனாபா தீவில் 1900-ல் தொடங்கிய பாஸ்பேட் தோண்டல் 1979-ல் தீர்ந்துபோனது. தீவே சிதைந்தது, அதன் மக்களில் பெரும்பாலோர் 1945-லேயே பிஜியின் ராபித் தீவுக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டார்கள். 1956-ல் பாஸ்பேட் பணத்தில் தொடங்கிய சேமிப்பு நிதி மட்டும் இன்னும் நாட்டுக்கு உதவுகிறது.

கடல்மட்டம் ஏறித் தீவு மூழ்கினால் இந்த உரிமையும் போய்விடுமா?

சட்ட அறிஞர்கள் வெகுகாலம் குழம்பிய இடம் இது. 200 மைலை அளப்பது தாழ்நீர்க் கரையிலிருந்து, அதாவது ஓதம் வற்றும்போது தெரியும் கரையிலிருந்து. கரை உள்வாங்கினால் கோடும் உள்வாங்க வேண்டுமே என்று ஒரு தரப்பு. தீவு பாறையாகச் சுருங்கினால் 12 மைல்தானே என்று இன்னொரு பயம். உலகின் கரியமில வாயுவில் கடுகளவுகூடச் சேர்க்காத நாடு, அதன் விளைவால் நிலத்தையும் இழந்து, நிலத்தோடு கடலையும் இழப்பது எவ்வளவு பெரிய அநீதி.

தீவு நாடுகள் காத்திருக்கவில்லை. 2021 ஆகஸ்டில் பசிபிக் தீவுகள் மன்றம் ஒரு பிரகடனம் வெளியிட்டது: முறைப்படி அளந்து ஐ.நா.விடம் பதிவு செய்த எல்லைகள், கடல்மட்டம் ஏறினாலும் அப்படியே தொடரும். மறுபடி அளக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. பிற நாடுகளும் ஒவ்வொன்றாக ஆதரித்தன. 2025 ஜூலை 23 அன்று ஹேக் சர்வதேச நீதிமன்றம் தன் காலநிலை ஆலோசனைக் கருத்தில் இதையே உறுதி செய்தது. கடல்மட்டம் ஏறியதற்காகப் பதிவான எல்லைகளைத் திருத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்றது. ஒரு நாடு உருவான பிறகு அதன் கூறுகளில் ஒன்று மறைந்துவிட்டால், அதனாலேயே நாடு என்ற தகுதி போய்விட வேண்டியதில்லை என்றும் சொன்னது. ஆலோசனைக் கருத்து தீர்ப்பைப் போலக் கட்டாயப்படுத்தாது, சரி. ஆனால் இனி யாராவது எதிர்த்து வாதாட வந்தால் அந்த வரிகளைத் தாண்டித்தான் வர வேண்டும்.

மக்கள் எல்லோரும் வெளியேற நேர்ந்தால்?

கிரிபாஸ் 2014-ல் பிஜியின் வனுவா லெவு தீவில் பெரிய நிலம் ஒன்றை வாங்கிப் போட்டது. துவாலு 2023-ல் அரசியலமைப்பைத் திருத்தி, நிலம் போனாலும் நாடு என்றென்றைக்கும் தொடரும் என்று எழுதிக்கொண்டது. 2024-ல் நடைமுறைக்கு வந்த ஃபலேபிலி ஒப்பந்தத்தில் ஆஸ்திரேலியாவும் அதை ஏற்றுக்கொண்டது, ஆண்டுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் துவாலு மக்கள் குடியேறவும் வழி செய்தது. ஆனால் அதற்கு ஈடாகத் துவாலு, மற்ற நாடுகளோடு பாதுகாப்பு ஏற்பாடு செய்வதானால் ஆஸ்திரேலியாவின் சம்மதம் கேட்க வேண்டும். மற்ற தீவுகள் இதைப் போன்ற பேரங்களுக்குப் போகும்போது கடல் உரிமையைத் தனியாகப் பிரித்துக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

எல்லை நிலைத்தாலும், மீன் நிலைக்குமா?

சூரை வெதுவெதுப்பான நீரைத் தேடிப் போகும். வெதுவெதுப்பான நீர் கிழக்கே பரவும் எல் நினோ ஆண்டுகளில் அதுவும் கிழக்கே நகர்ந்து கிரிபாஸ் பக்கம் வருகிறது. 2015-ல் கிரிபாஸின் உரிம வருமானம் எகிறியதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த ஆண்டுகளில் மேற்கே உள்ள நாடுகளுக்கு மீன் குறையும். நாட்களைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளக் கப்பல் நாள் திட்டத்தில் வழி இருப்பதால் இதுவரை சமாளித்துவிட்டார்கள்.

கடல் நிரந்தரமாகவே சூடானால் கணக்கு மாறும். கரிம வெளியேற்றம் குறையாவிட்டால் 2050-க்குள் பத்து பசிபிக் தீவு நாடுகளின் கடலில் உள்ள சூரை, மொத்தமாகச் சராசரி 13 சதவீதம் குறையலாம் என்று 2021-ல் வெளிவந்த ஆய்வு கணித்தது. அந்த மீன் செத்துப்போய்விடாது, பெரும்பாலும் கிழக்கே சர்வதேசக் கடலுக்குப் போகும். அங்கே பிடிப்பவர் கிரிபாஸுக்கோ நவ்ருவுக்கோ ஒரு காசும் தர வேண்டியதில்லை. அதனால்தான் இன்றைய மீன்பிடிப் பங்கை, மீன் எங்கே போனாலும் தங்களுக்கே உறுதி செய்ய வேண்டும் என்ற கோரிக்கையை மேற்கு, மத்திய பசிபிக் மீன்வள ஆணையத்தில் தீவு நாடுகள் முன்வைக்க வேண்டியிருக்கிறது. அங்கே எதிர்ப்பக்கம் அமர்ந்திருப்பவர்களில், அந்தக் கடலைச் சூடாக்கியதில் பெரும்பங்கு உள்ள நாடுகளும் அடக்கம்.